கால் நோவுக்கு இரண்டு குளிசை

பழுகாமம்
03.02.2024

நிருஷாவுக்கு,

நான் சுகம். உன் சுகத்தை இப்போது அரசாங்கம் பொறுப்பேற்றிருப்பதால் அதை விசாரிக்கவில்லை.

கொழும்புப் பக்கம் தாதியர் வகுப்பு கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போனாய். அது பொய் இல்லை. முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சிங்களத்தைத் தமிழாக்கியும் தமிழைச் சிங்களமாக்கியும் சோறு தின்றவன் நான். பொய் சொல்லாமல் உண்மையை ஒளிக்கும் வாக்கியத்தை எனக்குத் தெரியும். அது இராணுவத் தாதியர் வகுப்பு என்பதை, உன் நன்னடத்தையை விசாரிக்க வந்த பொலிஸ்காரர்தான் சொன்னார். வாழ்த்தும் சொன்னார். தேத்தண்ணி கொடுத்தேன். அவர் போன பிறகு கோப்பையை மூன்று தரம் கழுவினேன்.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. கோயிலை நடத்தும் வண்ணக்கர் என் வாசற் படலைக்கு வெளியே நின்று காறித் துப்பினார். கண்ணகை அம்மன் சடங்கில் உன் தாய்வழிக் குடிக்கு உரிய பூசை நாளில் உன் கையால் எதுவும் வாங்குவதில்லை என்று தீர்மானமாம். துப்பிய பிறகு தீர்மானத்தை மரியாதையாக வாசித்தார்.

வீட்டுப் பக்கம் வராதே என்று எழுதத்தான் கடதாசி எடுத்தேன். முடியவில்லை. நம் பக்கத்து வழக்கப்படி இது உன் தாயின் வீடு, அவளுக்குப் பிறகு உன் வீடு. நான் இதில் குடியிருப்பவன். வீட்டுக்காரியை வெளியே போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் அருவருப்பைத் தெரிவிக்கலாம். தெரிவித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அடிக்கிறது. எடுக்கமாட்டேன். எழுது. எழுத்தில் இருந்தால் யார் என்ன சொன்னார் என்று பிறகு வழக்கு வராது.

க. நல்லரத்தினம்


27.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் அருவருப்பு கிடைத்தது. கடிதங்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தருவார்கள். பிரித்த சார்ஜன்ட் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். கவனமாகப் படிக்கச் சொல்கிறார் என்றேன். நல்ல அப்பா என்றாள்.

உயர்தரம் எழுதிவிட்டு இரண்டு வருடம் அரசாங்கத் தாதியர் பயிற்சிப் பட்டியல் வருமென்று காத்திருந்தேன். நீங்களும் பார்த்தீர்கள். இங்கே மூன்று மாதத்தில் எடுத்தார்கள். வேறு காரணமும் உண்டு. கொழும்பு ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி வாரத்தில் நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போன அரை மணித்தியாலத்தில் அவ தண்ணீர் கேட்டா. பக்கத்துக் கட்டில்காரி பிறகு எனக்குச் சொன்னா: தமிழ் தெரியாத மூன்று தாதியர் வந்தார்கள். ஒருத்தி போர்வையை இழுத்துவிட்டாள், ஒருத்தி மின்விசிறியைப் போட்டாள், ஒருத்தி சிரித்தாள். மூவரும் நல்லவர்கள்தான். அன்றைக்கே நான் தாதியாவதென்று முடிவெடுத்தேன். எந்த உடுப்பில் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

நாலரைக்கு எழுப்பி அணிநடை நடக்கவிடுகிறார்கள். பிறகு ஆஸ்பத்திரி வாட்டு. பழைய சிப்பாய் ஒருவரின் முழங்காலுக்குக் கீழே வெட்டிய இடம் மறுபடி சீழ் வைத்திருக்கிறது. முதல் நாள் கட்டைப் பிரித்தபோது மணம் தாங்காமல் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு துடைக்கிறேன். எங்கே காலை இழந்தீர்கள் என்று கேட்டேன். வாகரைச் சண்டையில் என்றார். நீ எந்த ஊர் என்றார். பழுகாமம் என்றேன். அதன் பிறகு இரண்டு பேரும் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாற்பத்திரண்டு பேரில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்தி. யாராவது பெரியவர் வந்தால் படம் எடுக்கிறார்கள். மற்றவர்கள் என்னைவிட நன்றாக ஊசி போடுவார்கள். எனக்குப் பொட்டு இருக்கிறது. ஆகவே நான் முன் வரிசை.

உங்கள் மகள்,
நிருஷா


பழுகாமம்
14.05.2024

நிருஷாவுக்கு,

வண்ணக்கர் மறுபடி வந்தார். இந்த முறை படலைக்கு உள்ளே, கதிரை வரைக்கும். கோயில் குளத்தைத் தூர்வார இராணுவத்திடம் இயந்திரம் இருக்கிறதாம். தங்கச்சி உள்ளுக்குள்ளே ஒரு சொல் சொன்னால் காரியம் ஆகிவிடுமாம். நீ எப்போது அவருக்குத் தங்கச்சி ஆனாய் என்று கேட்டேன். எங்கட பிள்ளைதானே என்றார். உன் கையால் அம்மன் வாங்கமாட்டாள், இயந்திரம் மட்டும் வாங்குவாள் போலிருக்கிறது.

அவருக்குப் பிறகு இரண்டு பேர் மகன்மாரின் வேலை விண்ணப்பங்களோடு வந்தார்கள். உன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை நான் அறிவேன் என்று தெரிந்துகொண்டே வந்தார்கள். உன்னுடைய சீழ் பரவாயில்லை, மகளே. துடைத்தால் போகும்.

என் அக்கா, உன் மாமி அன்னப்பூரணியும் வந்தாள். அவளிடம் மட்டும் எனக்கு அருவருப்பு வரவில்லை. அவள் மகன் வினோஜனைக் கொண்டுபோனபோது உனக்கு மூன்று வயது. நம் படுவான்கரையில் ஷெல் விழ, வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடிய வருடம். தங்கியிருந்த முகாமில் விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி அவனைக் கூட்டிப்போனார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. வந்தவர்கள் சீருடை போட்டிருந்தார்கள். எந்தச் சீருடை என்று பதினேழு வருடமாக ஆணைக்குழுக்கள் முடிவெடுக்கவில்லை. அக்கா போகாத வாசல் இல்லை. இப்போது அவளுக்குப் புதிதாக ஒரு வாசல் கிடைத்திருக்கிறது.

"அவள் உள்ளுக்க இரிக்காள்தானே தம்பி. ஒருக்காக் கேக்கச் சொல்லு" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். என் அபிப்பிராயத்தைச் சேர்க்கவில்லை.

க. நல்லரத்தினம்


05.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மாமியின் கேள்விக்கு இரண்டரை மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் பதில் இல்லாததுதான். முதலாம் வருடத்துப் பிள்ளை இங்கே இரண்டாம் அகப்பைப் பருப்பே கேட்க முடியாது.

பதினேழாம் திகதி சனிக்கிழமை பழுகாமத்துப் பாடசாலையில் இலவச வைத்திய முகாம். எங்கள் கேணல், அவர் ஒரு டொக்டர், தலைமை தாங்கி வருகிறார். பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க என்னைக் கூட்டி வருகிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன் அப்பா, மாமியை அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கள்.

நிருஷா


பழுகாமம்
19.08.2024

நிருஷாவுக்கு,

வராதே என்று அக்காவிடம் சொல்லவில்லை. பாடசாலைக்குப் போக அவளுக்கு உரிமை இருந்தது.

முகாமை நன்றாக நடத்தினீர்கள். வரிசையில் முதல் ஆள் வண்ணக்கர். இலவசக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் கட்டியிருந்த பதாகையில் மக்கள் மீது நீங்கள் வைத்திருக்கும் அன்பைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார். தெளிவாகத் தெரிகிறது என்றார். நானும் போனேன். மகளைப் பார்க்க வேறு வழி இல்லாததால் இரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். உன் மேசைக்கு அடுத்த வாங்கில் இருத்தினார்கள். நீ என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் நின்றாய். வெள்ளை உடுப்பு உனக்குப் பொருத்தமாக இருந்தது. அதைப் பார்க்கப் பிடித்திருந்தது என்பதும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அக்கா வந்தாள். சேலைத் தலைப்பிலிருந்து வினோஜனின் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். சொன்னாள்:

"ஐயா, இது என்ட மகன். நீங்க கொண்டுபோய் பதினேழு வருசம். உசிரோட இரிக்கானா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்டும் கேக்கல்ல."

கேணல் உன்னைப் பார்த்தார். நீ சிங்களத்தில் சொன்னாய்: இவவுக்குக் கால் நோகிறதாம், சேர். நெடுநாளாக இருக்கிறதாம். படத்தில் இருப்பது இவவைப் பராமரிக்கும் மகன்.

என் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டி. காற்று ஏறிக்கொண்டிருந்தது.

அவர் தலையாட்டி, படத்தைப் பார்த்துச் சிரித்து, நல்ல பிள்ளை என்றார். இரண்டு குளிசை கொடுக்கச் சொன்னார். அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். யாரோ படம் எடுத்தார்கள்.

நான் கொலைகாரர்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன், பொய்ச் சாட்சிகளுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. நீ சிங்களம் படித்தது என் மடியில். அதைக் கொண்டு இதைச் செய்தாய். உன் உடுப்பை ஒரு மாதிரிச் சகித்துக்கொண்டேன். இதற்கு எனக்குக் குமட்டுகிறது.

நேற்று அக்கா வந்து, பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். பதில் சொல்லி அனுப்பினேன்.

க. நல்லரத்தினம்


30.08.2024

அப்பாவுக்கு,

எனக்கும் குமட்டுகிறது. அதில் உங்களுக்குத் தனி உரிமை இல்லை.

பயம் வந்தது. கேள்வியைச் சிங்களத்தில் ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து கால் நோவு வந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் நிறைய வயதானவர்களுக்குக் கால் நோவு என்று சொல்லியிருந்தேன். நாக்குப் பழகியிருந்தது.

ஆனால் நீங்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். செட்டிபாளையத்துப் பெடியன் ஒருவனின் வழக்கை நீங்கள்தான் சாப்பாட்டு மேசையில் சொன்னீர்கள். சிங்களத்தில் எழுதிப் பெருவிரல் வைக்கச் செய்த வாக்குமூலம். அதை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் வாசித்தீர்கள். நான் இப்படிச் சொல்லவில்லை ஐயா என்று அவன் அழுதான். அதையும் ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னீர்கள். பதினொரு வருடம் உள்ளே போனான். அன்றைக்கு நீங்கள் இரண்டாம் தரம் மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். உங்கள் மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை அப்பா. அவனிடம் கேட்டுப் பாருங்கள்.

நிருஷா


24.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை.

போன கிழமை கேணல் வாட்டுக்கு வந்தபோது, தனியாக ஒரு நிமிடம் கேட்டேன். பழுகாமத்தில் படம் கொண்டுவந்த அம்மா சொன்னதை நான் பிழையாகச் சொன்னேன், அவ சொன்னது இது என்று சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் விடவில்லை. ஏன் அன்றைக்கு மாற்றினாய் என்றார். பயத்தில் என்றேன். இன்றைக்குப் பயம் இல்லையா என்றார். இருக்கிறது என்றேன். அவ யார் என்றார். என் மாமி என்றேன். மரியாதையான மனிதர். பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டு, இது மருத்துவம் சார்ந்த விடயம் அல்ல என்றார்.

மூன்றாம் நாள் ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் என் விண்ணப்பம். காணாமற்போன உறவினர் உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்று என் கையெழுத்தில் இருந்தது. இதை எழுதியது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். பிறகு மாமியின் கேள்விக்குப் பதிலையும் சொன்னார்கள். எழுத்தில் கேட்டேன், தரவில்லை. ஆகவே மனனம் செய்தேன். தமிழில் இது: "அந்தப் பெயரில் எவரும் எம்மிடம் இருந்ததில்லை. இருந்ததாகப் பதிவும் இல்லை. இக்கேள்வி மீண்டும் எழுப்பப்படத் தேவையில்லை."

தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. சலவைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். வாட்டுத் துணிகளில் இருந்து சீழையும் மலத்தையும் தேய்த்துக் கழுவி இயந்திரத்துக்கு அனுப்புவது என் வேலை. என் படிப்பு பரிசீலனையில் இருக்கிறதாம். அனுப்பினால் வருவேன், வைத்தால் படிப்பேன். எனக்கு இந்தத் தொழில் வேண்டும் அப்பா. இன்னும் வேண்டும். அதை மறைக்கவில்லை.

இதை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். கால் நோவு என்று நான் சொன்னதையும் சேர்த்து.

நிருஷா


பழுகாமம்
06.10.2024

அன்புள்ள மகள் நிருஷாவுக்கு,

உன் கடிதத்தை அக்காவின் வீட்டுக்குப் போய் வாசித்தேன். முழுவதும் வாசித்தேன்.

அதற்கு முன் என் பக்கத்து வாக்குமூலம். முகாமுக்கு அடுத்த நாள் அக்கா வந்து கேட்டபோது, பெரியவர் குறித்துக்கொண்டார், விசாரிக்கிறாராம் என்று சொன்னேன். அடுத்த நாளும் வந்தாள், அதையே சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தாள். ஆறு கிழமை சொன்னேன். போகப் போக விசாரணையை முன்னேற்றினேன். கொழும்புக்குக் கோப்புப் போயிருக்கிறது என்றுகூட ஒரு நாள் சொன்னேன். உனக்குக் குமட்டல் கடிதம் எழுதிய அதே பேனாவை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாசித்து முடித்ததும், அக்கா அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"மாத்திச் சொன்னவள், தெரியும்" என்றாள். "புத்தா எண்டாச் சிங்களத்தில மகன். பதினேழு வருசமா எல்லா வாசல்லயும் நான் முதல் சொல்ற சொல்லு. அவள் சொல்லக்குள்ள அது கடைசியாத்தான் வந்திச்சு, அதக் கேட்டு அந்த ஆள் சிரிச்சான். என்ட கதையக் கேட்டு இதுவரைக்கும் எவனும் சிரிச்சதில்ல. அங்கயே விளங்கிட்டு."

அப்படியானால் ஏன் ஒவ்வொரு நாளும் வந்து என்னைக் கேட்டாய் என்றேன்.

"அவள் அவனுகளுக்கு நடுவுல நிண்டு பயத்தில சொன்னவள். நீ உன்ட பாட்டுக்குக் கதிரையில இருந்துக்கு என்னத்துக்குப் பயந்தாய்? எத்தின நாளைக்குச் சொல்லுவாய் எண்டு பாத்தன்."

முப்பத்தொரு வருடத்தில் எவ்வளவோ குறுக்கு விசாரணைகளை மொழிபெயர்த்தேன். எனக்கு நடந்தது இதுதான் முதல் தரம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். செட்டிபாளையத்துப் பெடியனைப் பற்றி நீ எழுதியதற்கும் இதுவே என் பதில்.

இருந்ததில்லை என்ற உங்கள் அலுவலகத்தின் பதிலை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மீண்டும் எழுப்பப்படத் தேவையில்லை என்ற இடத்தில் புடைப்பதை நிறுத்தினாள். தேவையா இல்லையா எண்டு அவனுகள் என்ன சொல்ற என்றாள். பிறகு என்னை இதை எழுதச் சொன்னாள். சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்:

"மகள், நீ கேட்டது போதும். நீ படி. என்ட கேள்விய இனி நான் பாத்துக்கிறன். தம்பி எழுதுறான் எண்டு நம்பாத, நான் வந்து சொல்றதத்தான் நம்பு."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போய், கொழும்பு பஸ் எடுத்து, உங்கள் வாசலுக்கு வருகிறாள். இந்தக் கடிதம் முந்துமோ அவள் முந்துவாளோ தெரியாது. வாசலில் நிறுத்தினால் நிற்பாள், அவளுக்கு அது பழக்கம். நானும் கூட வரட்டுமா, சிங்களம் பேச ஆள் வேண்டுமே என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.

அப்பா