வழிபாட்டுக் கூடத்தின் பக்க அறையைத் திறந்துவிடக் கோரி

அனுப்புநர்:
தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் மனைவி,
(தையல் வேலை),
மாடி வீடு, சந்தைக்குப் பின்தெரு.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெரு வழிபாட்டுக் கூடத்தின் பக்க அறைக்கு வைத்த சீல் பூட்டை அகற்றவும், அதன் கதவில் ஒட்டிய அறிவிப்பைக் கிழிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். என் கணவர் தீயணைப்பு வண்டி ஓட்டுபவர். சென்ற ஆண்டு துணிக் கிடங்கு எரிந்ததைத் தாங்கள் அறிவீர்கள். முதலில் போய்ச் சேர்ந்தது அவருடைய வண்டிதான். போய்ச் சேர்ந்தது என்று எழுதுவதும் சரியில்லை. தெருவின் இரு பக்கமும் லாரிகள் நின்றதால் கிடங்குக்கு முன்பே வண்டி மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் பம்பை விட்டு ஓட்டுநர் நகரக் கூடாது என்பதால் அவர் வண்டியருகிலேயே நின்றார். கிடங்கின் மேல்மாடியில் வேலை செய்த பெண்கள் கத்துவது அவருக்குக் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

2. அன்று முதல் எங்கள் வீட்டில் சத்தம் நிற்கக் கூடாது. டிவி ஓட வேண்டும், இல்லையென்றால் குழாயில் தண்ணீர் கொட்ட வேண்டும். மகள் பாடம் படிக்க டிவியை அணைத்தால் அவருக்கு வியர்த்துவிடும். "சத்தம் நின்னா யாரோ போயிட்டாங்கன்னு தோணுது" என்பார். "ஆம்பளைக்கு என்ன இதெல்லாம், நாலு நாள் வெளியூர் கூட்டிட்டுப் போ, சரியாயிடும்" என்று என் அண்ணன் சொன்னார். போய் வந்தோம். அங்கேயும் விடுதி அறைக் குழாயைத் திறந்து வைத்தார். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஒருவர்தான் இருக்கிறார். நல்ல மனிதர், மாத்திரை கொடுத்தார். ஆனால் அவரைத் திரும்பப் பார்க்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

3. அந்த இடைவெளியில்தான் வழிபாட்டுக் கூடத்துக்குப் போனோம். நாங்கள் அந்த வழிபாட்டைச் சேர்ந்தவர்கள் இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. தீ விபத்துக்குப் பிறகு, கூடத்துப் பொறுப்பாளரம்மா பழைய பாய்களும் உடைந்த நாற்காலிகளும் கிடந்த பக்க அறையைக் கழுவி, வாரம் ஒரு மாலை திறந்து வைத்தார். உயிர் தப்பியவர்களும் செத்தவர்களின் வீட்டாரும் வந்து உட்கார்ந்தார்கள். பேச வருகிறவர் பேசலாம், மற்றவர் சும்மா இருக்கலாம். ஆரம்பத்தில் கூடத்து ஆள் ஒருவர், "நம்பிக்கை கொறைஞ்சவங்களுக்குத்தான் இப்படி வரும்" என்றார். அம்மா அவரை அங்கேயே நிறுத்தினார். "இங்க அந்தப் பேச்சு வேணாம். டாக்டர் குடுத்த மாத்திரையையும் யாரும் நிறுத்தக் கூடாது" என்றார். மருத்துவமனை நர்ஸ் ஒருவரும் தன் ஓய்வு நேரத்தில் வந்து போனார்.

4. அங்கே வந்தவர்களில் ஒரு தாய் இருந்தார். அவருடைய ஒரே மகள் கிடங்கில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தவள். வெகுநாள் அவர் வாய் திறக்கவில்லை. ஒருநாள் என் கணவரிடம், "அந்த வண்டி ஓட்டினது நீங்கதானா?" என்று கேட்டார். இவர் ஆமாம் என்றார். அந்தத் தாய் திட்டவில்லை. "அவங்க கத்தினது எவ்வளவு நேரம் கேட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம்கூடச் சொல்லாததை என் கணவர் அவரிடம் சொன்னார்: "ரொம்ப நேரம் இல்லம்மா. நான் பம்பைப் போட்டு நிமிர்றதுக்குள்ள நின்னுடுச்சு." அந்தத் தாய் தலையை ஆட்டி, "அது போதும். விடியவிடிய கத்தியிருப்பான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அதற்குப் பின் யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அமைதியில் என் கணவர் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தார். அன்று வீட்டுக்கு வந்து அவரே குழாயை மூடினார்.

5. இப்படியிருக்க, 'பைத்தியங்கள் கூடுவதால் குழந்தைகளை வெளியே விட முடியவில்லை' என்று யாரோ புகார் கொடுத்து, தங்கள் அலுவலர் வந்தார். "மனநோய்க்கு வைத்தியம் பாக்க லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார். "வைத்தியம் இல்லீங்க, உக்காந்து பேசுறோம்" என்றார் அம்மா. "உக்காந்து பேசவும் அனுமதி வேணும்" என்று சொல்லி அறைக்குச் சீல் வைத்தார். 'அனுமதியற்ற மனநோயாளிகள் விடுதி' என்று கதவில் ஒட்டினார். அனுமதி கேட்டுச் சென்ற அம்மாவை மூன்று பிரிவுகளுக்கு அலையவிட்டார்கள். உட்கார்ந்து பேசுவதற்கு எந்தப் பிரிவு அனுமதி தரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

6. நாங்கள் பேருந்து நிறுத்தத்தில் கூடினோம், விரட்டப்பட்டோம். பூங்காவிலும் காவலாளி எழுப்பிவிட்டார். ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அந்தத் தாய் மட்டும் பழக்கம் விடாமல் கூடத்துக்குப் போய், பூட்டிய கதவின் முன் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார் என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். சென்ற மாதம் அந்தத் தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். சீல் வைத்ததால்தான் செத்தார் என்று நான் எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது. அறை திறந்திருந்தால், அவர் வராத மாலையன்று யாராவது தேடிப் போயிருப்போம். அது மட்டும் தெரியும்.

7. செய்தி கேட்ட நாள் முதல் என் கணவர் வேலைக்குப் போகவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. அவரைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. இரவலாக ஒரு தையல் மெஷின் வாங்கி அவர் கண் முன்னேயே தைக்கிறேன்.

ஆகவே, அந்த அறையைத் திறந்துவிட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அனுமதி வேண்டுமென்றால் எந்த அலுவலகத்தில் கேட்பது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதுவரை கதவிலுள்ள தாளையாவது அகற்ற வேண்டும். அந்தத் தாய் கடைசியாக நின்று பார்த்தது அதைத்தான். விசாரணைக்கு அழைத்தால் என் கணவரையும் கூட்டி வருவேன். கேட்டால் பதில் சொல்வார். சற்றுத் தாமதமாகும், அவசரப்படுத்த வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: சந்தைக்குப் பின்தெரு
நாள்: இம்மாத முதல் திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓட்டுநரின் மனைவி