அப்பாவின் பழைய பொய்

பம்மல்
14-11-1994

என் கண்ணான மகளே,

அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. தினமும் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டித்தான் வாசலில் உட்கார வைக்கிறேன். அவரைப் பார்த்து ஒருத்தரும் உச்சுக் கொட்டக் கூடாது.

சோறு மட்டும் இறங்கவில்லை. "நான் துன்னுட்டேன், நீ துன்னு அக்கா" என்று தட்டை என் பக்கம் தள்ளிவிடுகிறார்.

தாம்பரம் டாக்டர், "சின்ன வயசுல பட்டினி கெடந்தாராம்மா?" என்று கேட்டார். தாயில்லாப் பிள்ளை, தோல் கம்பெனியில் வேலை செய்து அக்காவோடு ஒரே சட்டிக் கஞ்சியில் வளர்ந்தவர் என்றேன். அந்தப் பட்டினியும் இந்த மறதிக்கு ஒரு காரணமாக இருக்கலாமாம்.

கல்யாணமான புதிதில் அப்பாவே சொல்லியிருக்கிறார். அக்கா வயிறு நிறையட்டும் என்று, சாப்பிடாமலே சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொல்லுவாராம்.

அன்று முதல் "இன்னாங்க" என்றே அவரைக் கூப்பிட்ட வாய் இது. நேற்று, "ரெண்டு பேருக்கும் கீது, துன்னு தம்பி" என்றேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

பொங்கலுக்கு வரும்போது பேரப்பிள்ளைகளிடம் தாத்தாவின் மறதியைச் சொல்லிக் கூட்டி வா. அப்பா உன்னை யார் என்று கேட்டால் அழாதே. எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், "இன்னா" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா