பஞ்சில் ஒட்டிய மஞ்சள்

மார்ச் 3

இன்றும் இருவாச்சிகளோடுதான் பொழுது போயிற்று. அருங்காட்சியக மேஜையில் பாடம் செய்த பறவைகள் ஆறு. நான்குக்கு இறக்கைப் பட்டை மஞ்சள். பழைய சேகரிப்பிலிருந்து வந்த இரண்டுக்கு வெள்ளை, அலகும் சற்றுச் சிறியது. புதிய இனமேதான்! அதற்கு வைக்க அண்ணன் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி எழுதிப் பார்த்தேன். ஜோராக இருக்கிறது.

மார்ச் 9

மருத்துவமனை. அண்ணனுக்குப் பேசினாலே மூச்சு வாங்குகிறது. முப்பது வருஷம் சுவருக்குப் பெயிண்ட் அடித்து என்னைப் படிக்க வைத்த நுரையீரல் அது. கட்டுரை அச்சாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எங்கே முடிந்தது? பறவைக்கு அவர் பெயர்தான் என்று சொல்லிவிட்டேன்.

“நான் அடிச்ச சுவத்தையெல்லாம் இடிச்சுட்டானுங்க. பேராவது நிக்கட்டும்மா” என்றார். அதற்குள் வார்டு முழுக்கத் தண்டோரா. நர்ஸ்கூட அவரைப் ‘பறவை சார்’ என்கிறாள்.

மார்ச் 21

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். படம்தான் பாக்கி.

ஏப்ரல் 2

படம் எடுக்குமுன் மஞ்சள் பட்டைப் பறவை ஒன்றில் அழுக்கைத் துடைத்தேன், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால். பஞ்சு மஞ்சளாயிற்று. பட்டை வெளுத்துவிட்டது.

அடிப்பாவி! வாலடிச் சுரப்பியின் மஞ்சள் எண்ணெயை எடுத்து இறக்கையில் பூசிக்கொள்கிற பறவை இது. வருஷாவருஷம் வகுப்பில் நானே சொல்கிறேன். அந்த இரண்டும் எப்போதோ ஸ்பிரிட் ஜாடியில் ஊறியிருக்கின்றன, அவ்வளவுதான். சிறிய அலகு? பெண் பறவை. ஆசையில எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?

ஏப்ரல் 3

கட்டுரையைத் திரும்பப் பெறுவதா? பேசாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? யாராவது கண்டுபிடிக்க நாலைந்து வருஷம் ஆகும். அதற்குள் அண்ணன் — சீ, என்ன எழுதுகிறேன் நான்.

ஏப்ரல் 4

திரும்பப் பெற்றுவிட்டேன்.

ஏப்ரல் 6

அண்ணனிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “இத இப்பவே சொல்லணுமா?” என்று அண்ணி முறைத்தார். ஜன்னலைப் பார்த்தபடியே அண்ணன் கேட்டார்:

“அந்த மஞ்சள அதுவேவா பூசிக்குது?”

“ஆமாண்ணா.”

“எதால?”

“அலகாலதான்.”

“வெளுத்துப் போச்சுன்னா?”

“திரும்ப அடிக்கும். அதுக்கு அதே வேலைதான்.”

“அடி சக்கை! நம்மாளு!”

சிரித்த சிரிப்பில் இருமல் பிடித்து, நர்ஸ் ஓடி வந்தாள். எங்கள் இருவருக்கும் சேர்த்துத் திட்டு.

ஜூலை 18

இறக்கையின் மஞ்சளை நம்பி இனம் பிரிக்காதீர்கள் என்று நான் எழுதிய சிறு குறிப்பு வண்ணப்படத்தோடு அச்சாகி வந்தது. நன்றி சொல்லும் இடத்தில் அண்ணன் பெயர், பக்கத்திலேயே ‘பெயிண்டர்’. அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெயரை விரல் வைத்துக் காட்டினேன். அதைப் பார்க்கவேயில்லை மனுஷன். படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மஞ்சள் ஒரு கோட்டிங் கம்மி. அச்சடிச்சவன்கிட்ட சொல்லிடு.”