முதுகு மட்டும் தெரிந்தவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் படுக்கைச் சட்டியை எடுக்கவில்லை. கட்டிலுக்கடியில் அது, ஸ்டூல்மேல் மதியச் சாப்பாடு. ஆயாவைக் கேட்டால், "எனக்கு ரெண்டு கைதானேம்மா" என்கிறாள். அந்தக் கையால்தான் தட்டையும் வைத்துவிட்டுப் போனாள். நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்துக் கிடக்கிறதாம். எழுந்து நடந்தால் ரத்தம் கொட்டி, பிள்ளையும் போகும், நானும் போவேனாம். ஆகவே இந்த நாற்றத்தோடுதான் குடித்தனம்.

மார்ச் 6, வியாழன்

இந்த வார்டில் எல்லோரும் இடப்பக்கமாகத்தான் படுக்க வேண்டும். பிள்ளைக்கு ரத்தம் நன்றாகப் போகுமாம். அதனால் ஒருத்திக்கு அடுத்தவளின் முதுகுதான் தெரியும். எனக்கு வாய்த்தது சுவரோரக் கட்டில் பிரஷர்காரியின் முதுகு. ஒல்லிப் பின்னல், கழுத்தில் மச்சம், ஓயாத பேச்சு. சாப்பிடுவதுகூடச் சுவரைப் பார்த்துத்தான். அவள் ஸ்டூல் அந்தப் பக்கம். "அக்கா, முழிச்சிருக்கீங்களா?" என்று சுவரிடம் கேட்பாள். நான் மச்சத்திடம் பதில் சொல்வேன்.

மார்ச் 7, வெள்ளி

பெரிய டாக்டர், பின்னால் மாணவர் கூட்டம். ஒரு வார்த்தை கேட்காமல் போர்வையைத் தூக்கினார். "இந்தக் கேஸைப் பாருங்க." ஐஸ் மாதிரி கை. அடுத்தடுத்து எத்தனை கைகள்! ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே அமுக்கினான். இது என் வயிறா, சந்தைக் காயா? சீ.

மார்ச் 9, ஞாயிறு

அவர் வந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. "எப்படித்தான் இங்க இருக்கியோ" என்றார், கைக்குட்டைக்குள்ளிருந்து. உங்க பிள்ளைக்காகத்தான் இருக்கேன் சாமி என்று சொல்வதற்குள் கிளம்பிவிட்டார். முதுகு குலுங்கிச் சிரித்தது. "எங்க வீட்டுக்காரர் வாசலோட சரி, அக்கா."

மார்ச் 11, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

மதியம் அவள் குரல் குழறியது. "அக்கா, தலை பிளக்குது. கண்ணுல என்னமோ மின்னுது." சிஸ்டரைக் கூப்பிட்டேன். "காலையிலதான் பிரஷர் பார்த்தாச்சு. தலைவலி யாருக்குத்தான் இல்ல" என்று மேசையிலிருந்தே பதில், காதில் போனோடு. மறுபடி கத்தினேன். திரும்பவே இல்லை. முதுகிடம் பேச்சில்லை. தோள் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது.

இறங்கிவிட்டேன். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு போய் அந்தப் போனைப் பிடுங்கினேன். "உன்னை யாரு இறங்கச் சொன்னது?" — அவ வாயில முதல்ல வந்தது அதான். மனுஷியா அவ? அப்புறம்தான் ஓடினார்கள். ஆட்கள் சூழ்ந்து வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

என் துணியில் ரத்தம்.

மார்ச் 12, புதன்

ரத்தம் நின்றது போலிருக்கிறது. பிள்ளை அசைகிறது — அசைகிறதுதானே? அவளைப் பற்றிக் கேட்டால், "உன் வேலையைப் பாரு." பக்கத்துக் கட்டிலுக்கு உடனே புது விரிப்பு போட்டுவிட்டார்கள். இந்த வார்டில் நான் பார்த்த முதல் சுத்தமான விரிப்பு. பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பெரிய டாக்டர் காலிக் கட்டிலைக் காட்டி மாணவர்களிடம் சொன்னார்: "வலிப்பு வந்ததும் நாங்க உடனே கவனிச்சோம்." நாங்களாம். "உயிரோட இருக்காளா?" என்றேன். பேசாமல் படுக்கச் சொன்னார்.

மார்ச் 21, வெள்ளி

கால்மாட்டில் ஒரு பெண் வந்து நின்றாள். யாரையோ பார்க்க வந்தவள் என்று நினைத்து, "யாரும்மா வேணும்?" என்றேன். அவள் சிரித்துவிட்டுத் திரும்பி நின்றாள். பின்னல். மச்சம்.

"இப்போ தெரியுதா அக்கா?"

வெட்கமில்லாமல் அழுதேன். ஆபரேஷன் பண்ணி எடுத்தார்களாம். பெண் பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம். பால் கொடுக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். "ஒரு தடவை கை வெச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். இங்கே என்னைக் கேட்டுவிட்டு என் வயிற்றைத் தொட்ட முதல் ஆள். உள்ளிருந்து ஒரு உதை.

சட்டியை இன்னும் எடுக்கவில்லை.