கம்ப்யூட்டர் சரியானதிலிருந்து

அன்பு மகள் பாரதிக்கு,

செஞ்சியிலிருந்து நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கம்ப்யூட்டரும் சுகமாக இருக்கிறது, அதுதான் இப்போது எங்களுக்குக் கவலை. நீயும் அந்தப் பனியில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். நான் தொடங்குவதற்குள் நீ "சரி நைனா, வெச்சிடறேன்" என்றுவிடுகிறாய், விஷயமும் அதைப் பற்றியதுதான் என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்த பகுதியும் வரும், பொறுத்துக்கொள். பின்லாந்திலிருந்து நீ அனுப்பும் படங்களைப் போனிலிருந்து அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பது என் வழக்கம், பெரிய திரையில் பார்த்தால்தான் நீ இளைத்திருக்கிறாயா என்று உன் அம்மா தீர்ப்புச் சொல்வாள். நீ காலேஜ் படிக்கும்போது வாங்கிய பெட்டி, ஒருநாள் இடமில்லை என்று சொல்லிவிட்டது. தாலுகா ஆபீஸ் பதிவறையிலேயே தலை நரைத்தவனுக்கு, இடமில்லை என்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல வருடமாக யாரும் எடுத்துப் பார்க்காத கோப்பை விதிப்படி அழித்துவிடலாம். உள்ளே போய்த் தேடினேன், மறைத்துவைத்த கோப்புகள் வேறு இருந்தன, மறைத்துவைத்தது எதுவானாலும் ஆபீஸ்காரனுக்குச் சந்தேகம் வரும். பெயரைப் பார்த்தால் யாருடையது என்று புரியவில்லை, தேதியைப் பார்த்தால் பெட்டி வாங்குவதற்கும் முன்னால், நீ பள்ளிக்கூடம் போன காலம். அழிக்கட்டுமா என்று கேட்டது, நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது, எந்தத் தாசில்தாரும் என்னிடம் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மறுநாள் ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் இன்ன கோப்பைக் காணவில்லை என்று ஒரே வரி, போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டுவார்களே அதைப் போல, படம் மட்டும் இல்லை. அழித்ததில் உன் படம் ஒன்றை வைக்கக்கூட இடம் தேறாது என்று நீ பிறகு சொன்னாய்.

திண்டிவனம் ரோட்டில் கடை வைத்திருக்கும் ஆனந்தராஜிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "சார், கோட்டைய இப்போ உலகமே வந்து பாக்குது, இதையும் கொண்டுபோயி மேல வெச்சிடுங்க, டிக்கெட் போடுவாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் உனக்குச் சொன்னோம். "இன்னா நைனா பண்ணி வெச்ச, அது ஓடறதுக்கான ஃபைலையே அழிச்சிட்டியே" என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. பழைய சிடி ஒன்று வேண்டும், தொலைந்த கோப்பு அதில் இருக்கும் என்றாய். அந்த சிடியை உன் அம்மா மொட்டை மாடியில் வடகத்துக்குக் காக்கா வராமல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவிழ்த்துக் கொண்டுவந்தால் கீறல். துடைத்துப் போட்டோம், படிக்கவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றாய். மறுநாளும் கூப்பிட்டாய், அதற்கு மறுநாளும்.

அந்தச் சாயங்காலங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். அம்மா போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பாள், உன் முகம் அவளுக்கு, உன் குரல் எனக்கு. நீ சொல்லும் எழுத்தை நான் தேடித் தேடி அடிப்பேன். "இடம் வுடு நைனா, இடம் வுட்டாதான் அதுக்குப் புரியும்" என்பாய். பிறகு அந்தப் பெட்டி யோசிக்கும். அது யோசிக்கிற நேரத்தில் நீ வைத்துவிட்டுப் போக முடியாது பார். வெங்காயம் நறுக்கினாய், துணி மடித்தாய், அங்கே மத்தியானமே இருட்டிவிடுகிறது என்றாய், விளக்கை எல்லா அறையிலும் போட்டுவைக்கிறேன், யாரோ இருக்கிற மாதிரி இருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னாய். இத்தனை வருடத்தில் நீ எங்களிடம் சொன்ன முதல் சேதி அதுதான், மற்றதெல்லாம் பதில்கள். அம்மா கை வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. கடைசியில் அந்தக் கீறல் சிடியிலிருந்தே கோப்பு ஏறியது, பெட்டி பாட்டுப் பாடிக்கொண்டு எழுந்தது, "ஆச்சு நைனா!" என்று கை தட்டினாய், கை தட்டிவிட்டு வைத்துவிட்டாய்.

அதிலிருந்து மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, சாப்டியா, மாத்திரை போட்டியா, வெச்சிடறேன். நீ வேலை செய்கிற பிள்ளை, குற்றம் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "ஏங்க, அந்த ஃபைலு எங்க இருக்குதுன்னு உங்களுக்கு இப்பத் தெரியுமில்ல, இன்னொரு வாட்டி அழிச்சிடுங்களேன்" என்றாள். சிரிக்கவில்லை. இத்தனை வருடம் ஆபீஸில் தப்பான காரியத்துக்கு என்னிடம் எத்தனையோ பேர் சிபாரிசு கொண்டுவந்திருக்கிறார்கள், எதற்கும் நான் இவ்வளவு தடுமாறியதில்லை. தெரியாமல் அழித்தது வேறு, தெரிந்து அழித்தால் உன்னை ஏமாற்றியதாகும் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

ஆகவே பாரதி, இங்கு எதுவும் கெடவில்லை. ஃபேன், மிக்ஸி, போன், நாங்கள் எல்லோரும் ஒழுங்காக ஓடுகிறோம். கெடாவிட்டாலும் கூப்பிடலாம். அமாவாசைக்கு அம்மா மேல்மலையனூர் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன் என்று பெருமை. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், ராத்திரி வெறும் பிரெட் தின்று படுக்காதே. அங்காளம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இவ்வளவையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சேர்க்கச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "பேச ஒண்ணும் இல்லன்னா பேசவேணாம்னு எழுதுங்க. போனை எதிர்ல சாத்தி வெச்சிட்டு புள்ள அது பாட்டுக்கு சமைக்கட்டும், நானும் இங்க சமைக்கிறேன்."

இப்படிக்கு,
உன் நைனா
தனசேகரன்