முதலைக்குப் பால் கொடுத்த சாமி

நங்கையா,

இன்று காலை அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தேன். நீங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்த குங்குமம் முதலையின் மூக்கில் கட்டிதட்டி ஒட்டியிருந்தது. எல்லாரும் சாமிக்கு நெற்றியில்தான் பொட்டு வைப்பார்கள். உங்களுக்கோ முதலைக்கும் சேர்த்து வைக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் என் அண்ணன், அதாவது உங்கள் வீட்டுக்காரர், ஒரு மில்லின் பஞ்சு குடோனில் வேலை பார்த்தபோது, எகிப்துப் பஞ்சு விற்கும் ஏஜென்ட் கொடுத்த காலண்டர் அது. படத்தில் ஒரு பெண்சாமி; கையில் வில்லும் அம்பும், மார்பில் பால் குடிக்கும் இரண்டு முதலைக் குட்டிகள். அடியில் இருந்த இங்கிலீஷை அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தார்: "நீத்துன்னு பேராம். சண்டைக்கும் தாய்மைக்கும் சாமியாம்." வருஷம் முடிந்ததும் படத்தை வெட்டிச் சட்டம் போட்டு, மாரியம்மனுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டீர்கள். அம்மா முகம் சுளித்தார். "எந்த ஊரா இருந்தா என்னங்க அத்த, சாமி சாமிதானுங்களே" என்றீர்கள்.

தலைப்பிரசவத்துக்கு நான் சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் மகனுக்கு அப்போது ஆறு மாதம். மகள் பிறந்த வாரமே எனக்கு மஞ்சள் காமாலை முற்றி, பால் வற்றிவிட்டது. புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை அப்படியே கக்கியது. அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. பிழைக்காது என்றே நினைத்தேன்.

நீங்கள் அவளைத் தூக்கி மடியில் போட்டீர்கள். அம்மா பதறிக்கொண்டு வந்தார்.

"வேண்டாங் கண்ணு. ஒரே பாலக் குடிச்சா அண்ணன் தங்கச்சி ஆயிருவாங்க. மொற போயிருமே! நாளைக்கு இவள எப்படி உம் பையனுக்குக் கட்டறது?"

பேத்தியையே பேரனுக்குக் கட்டி, மகளோடு உறவு விட்டுப்போகாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் கனவு. எனக்கும் அது தெரியும். படுத்த இடத்திலிருந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க அத்த, புள்ள பொழைச்சாத்தானுங்க மொற? அங்க பாருங்க, அந்தச் சாமி முதலைக்கே குடுக்கறா. உங்க பேத்திக்கு நான் குடுத்தா என்னங்க?"

குழாயடியில் உங்களிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாருமில்லை. அம்மா மட்டும் தப்புவாரா? முணுமுணுத்துக்கொண்டே போய், மறுநாள் பால் ஊற உங்களுக்குப் பூண்டுக் குழம்பு வைத்தார். பல் முளைத்துக் கடித்த உங்கள் மகனையும், கடிக்கத் தெரியாத என் மகளையும் "எம் முதலைக ரெண்டும்" என்று நீங்கள் கொஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது.

போன வாரம் அவிநாசியில் உங்கள் பெரிய முதலைக்குக் கல்யாணம். நீங்கள் இல்லாத குறை எனக்கு மண்டபம் முழுக்கத் தெரிந்தது. இணைச்சீரென்றால் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து கூறைச் சேலையைப் பிடிக்க அவன் தங்கை வேண்டுமே! யாரும் கூப்பிடாமலே என் மகள் எழுந்து போனாள். உடனே பின்வரிசையில் கிசுகிசுப்பு.

"மொறப்புள்ள போயி எணச்சீருக்கு உக்காரலாமுங்களா?"

சண்டைக்கு நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். சத்தியமாக, உங்கள் குரல்தான் என் தொண்டையில் நின்றது. அதற்குள் முன்வரிசை நாற்காலியிலிருந்து தடியைத் தட்டினார் அம்மா.

"எம் மருமக பாலக் குடிச்சு வளர்ந்தவ அவ. தங்கச்சி உக்காராம வேற ஆரு உக்காருவா?"

ஒரே கூறைச் சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொண்டார்கள். நான் அழுதேன், நங்கையா, சந்தோஷமாகத்தான்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு படத்தை நான் எடுத்து வந்துவிட்டேன்; இப்போது என் வீட்டில், மாரியம்மனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் புதுக் குங்குமம் வைத்தேன். சாமிக்கு ஒன்று, முதலைகளுக்கு ஆளுக்கொன்று.