டிரெய்லர் ஒயரில் திரும்பி வந்த சேதி

காலையில் பக்கத்து மேசையில் யாரோ ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். ஈயம் உருகும்போது எழும் அந்தப் பிசின் புகை என் பக்கம் வந்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாசனை அது. திருப்பதியில் நம் சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி இப்போது வேறு கட்டடத்துக்கு வந்துவிட்டது. உன்னைத் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான்.

உன் அண்ணன் புத்தலப்பட்டுக்கு அருகே இறந்தார். முன்னால் போன கரும்பு டிரெய்லரில் பின்விளக்கு எரியவில்லை. இருட்டில் அவர் பைக் போய் மோதிவிட்டது. காரியம் முடிந்த பிறகு அந்த டிராக்டர் டிரைவர் நகரிப் பக்கமிருந்த உங்கள் வீட்டுக்கு வந்தாராம். வாசலைத் தாண்டாமல் நின்று, "எரிஞ்சிக்கினு இருக்குதுன்னுதாம்மா நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாராம். உன் நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உனக்கு அந்த ஆளைத் திட்டக்கூட வாய் வரவில்லை என்றாய். அவர் பொய் சொல்லவில்லை. அத்தனை கரும்புக்குப் பின்னால் இருக்கும் விளக்கு, முன்னால் உட்கார்ந்தவருக்கு எப்படித் தெரியும்?

வேலைக்குத் திரும்பிய அன்றே கேட்டாய்: "லைட்டுக்குக் கரண்டு போற ஒயர்லயே, அது எரியுதா இல்லையான்னு சேதி திரும்பி வர வைக்க முடியாதாடி?"

தனி ஒயர் இழுக்கலாமே என்றேன். டிரெய்லரை மாட்டிக் கழற்றும் இடத்தில் அது ஒரு கரும்புப் பருவம்கூடத் தாங்காது என்றாய்.

நாம் செய்த பெட்டி மேசைமேல் ஒழுங்காக வேலை செய்தது. வாடகைக்கு எடுத்த டிராக்டரில் பொருத்தி என்ஜினைப் போட்டால் சேதி சிதறியது. ஹாரன் அடித்தால் காணாமலே போனது. வண்டி மின்சாரத்தில் அவ்வளவு இரைச்சல். மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் நீதான் போக்கை மாற்றினாய். விளக்கு எரிகிறவரை பின்னால் இருக்கும் பெட்டி அதைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும், ஒன்றிரண்டு சேதி தொலைந்தால் தொலையட்டும், அடியோடு நின்றுபோனால் டிரைவர் முன்னால் சிவப்பு விளக்கு எரியட்டும் என்றாய்.

இந்தப் புது முறையைப் பொருத்திப் பார்க்க அந்த டிரைவரின் வண்டியையே கேட்டு வாங்கினாய். எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

கரும்புக் காட்டோரம் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவரே பின்னால் போய் பல்பைக் கழற்றினார். முன்னால் சிவப்பு எரிந்தது. நான் கைதட்டிவிட்டேன், உன் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவர் பல்பைக் கையில் வைத்தபடி வந்து நின்றார்.

"அன்னிக்கு இது இருந்திருந்தா நிறுத்தி இருப்பீங்களாண்ணா?"

"நிறுத்தி இருப்பேம்மா."

அவரை நீ அண்ணா என்று கூப்பிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

டிரெய்லர் செய்பவர்கள் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் கேட்காததை எதற்கு மாட்ட வேண்டும் என்றார்கள். கம்பெனியிலும் நமக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். அதற்குள் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "ஒரு வண்டியிலதான் இருக்குது, இல்ல?" என்றாய். இன்னும் பல வண்டிகளில் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். உன்னிடம் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாடி" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

இன்றுவரை அந்த ஒரு வண்டிதான்.

போன பருவத்தில் சித்தூர் சந்தையில் அந்த டிரைவரைப் பார்த்தேன். ஒருநாள் பொழுது சாய்ந்த நேரத்தில் சிவப்பு எரிந்ததாம். வண்டியை ஓரம் கட்டி, மெக்கானிக் வரும்வரை பின்னால் நின்று டார்ச் காட்டிக்கொண்டிருந்தாராம்.

"பைக்குங்கதாம்மா நெறைய போச்சு. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

உன் அம்மாவிடம் இதைச் சொல்ல நினைத்து ஊர்வரை போனேன். உன் அண்ணன் படமும் உன் படமும் மாட்டியிருந்த சுவருக்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். சொல்லாமலே வந்துவிட்டேன். நீ இல்லாத இந்த நாட்களில், திரும்பிப் பார்க்காமல் போன அந்த முகம் தெரியாதவர்களைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். அவர்கள் அன்று வீடு போய்ச் சேர்ந்தார்கள்.